துணை முன்னே, ஊக்கம் பின்னே

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



‘முடியாதது முடியும்’ என்னும் தலைப்பில் பேசுமாறு பணித்துள்ளீர்கள். இத்தலைப்பைக் கேட்டவுடன் ஊக்கம், விடாமுயற்சி என்னும் சொற்களே எவர் நெஞ்சிலும் எழும். வள்ளுவரும் அவற்றுக்கு ஊக்கமுடைமை, ஆள்வினையுடைமை என அதிகாரங்கள் வகுத்துள்ளார். அவை முறையே 60ஆம், 62ஆம் அதிகாரங்கள். ஆயின், அவற்றுக்கு நெடுந்தொலைவு முன்னதாக, 45ஆம் அதிகாரமாகப் பெரியாரைத் துணைக்கோடல் நிற்கிறது. நாடாளும் மன்னனுக்கே முதலில் துணை வேண்டும். ஊக்கத்தைப் பற்றிப் பின்னர்ப் பேசலாம் என்பதுபோல் அவ்வைப்புமுறை எனக்குத் தோன்றும். இக்கருத்தை விளக்கத் தமிழ் அச்சு வரலாற்றிலிருந்து ஒரு நிகழ்ச்சியை இந்த அவையின் முன் வைக்கிறேன்.

ஆ. சிங்காரவேலு முதலியார் சென்னையில் பச்சையப்பன் கல்விநிலையத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றியவர். புராணங்களிலும் இலக்கியங்களிலும் வரும் பெயர்களுக்கு விளக்கம் தேடும் மாணவர் ஒவ்வொரு முறையும் பல நூல்களைப் புரட்ட வேண்டியிருந்த காலம் அது. அவ்விளக்கங்களையெல்லாம் அகரவரிசையில் ஒரே நூலாக்க அவர் துணிந்தார். தேவர், முனிவர், மன்னர், புலவர், தலங்கள், நோன்புகள், மருந்துகள், மரஞ்செடிகள் என அவருடைய தொகுப்பு விரிந்துகொண்டே சென்றது. அதுவே ‘அபிதான சிந்தாமணி’.

இப்பணியின் அளவை உணர ஓர் ஒப்பீடு போதும். பிற்காலத்தில் தமிழ் வளர்ச்சிக் கழகம் கலைக்களஞ்சியம் ஒன்றை வெளியிட்டது. பெரியசாமித் தூரன் தலைமைப் பதிப்பாசிரியராக இருக்க, அறிஞர் பலர் கட்டுரைகள் வழங்க, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகள் வெளிவந்தன. ஒரு கழகமும் பல அறிஞரும் கூடி இழுத்த தேர் அது. முதலியாரோ, பள்ளியில் பாடம் சொல்லி மீந்த பொழுதில், தம் ஒரு கையால் எழுதியவர். பல்லாண்டுகள் எழுதினார். ஊக்கம் என்னும் சொல்லுக்கு இதனினும் பெரிய விளக்கம் வேண்டுவதில்லை.

எனினும் அவ்வூக்கம் அவரைக் கையெழுத்துப்படி வரைதான் கொண்டுவந்து சேர்த்தது. அதற்கப்பால் ஒரு சுவர் நின்றது. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் அடுக்கி அச்சிட்ட காலத்தில், ஆயிரம் பக்கங்களைக் கடந்த ஒரு நூலின் செலவை ஆசிரியர் ஒருவரின் ஊதியம் தாங்குமா? செல்வர் பலரை நாடியும் பயனில்லை. இந்நிலையில்தான் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் கைகொடுத்தார். 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர் அவரே. அவர் துணையால் 1910இல், 1048 பக்கங்களுடன் அபிதான சிந்தாமணி வெளிவந்தது. அடுத்த ஆண்டே, 1911இல், தேவர் மறைந்தார். அவ்வுதவி சிறிது தாழ்த்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணும்போது நெஞ்சம் நடுங்குகிறது.

வரலாறு அத்துடன் முடியவில்லை. அச்சேறிய நூலைக் கண்ட முதலியார் ஓய்ந்துவிடாமல் மேலும் செய்திகளைத் திரட்டினார். 1931இல் அவர் காலமானார். அவர் விட்ட இடத்திலிருந்து மகன் பொறுப்பேற்க, 1934இல் 1634 பக்கங்களுடன் இரண்டாம் பதிப்பு வந்தது. முதற் பதிப்பைவிட 586 பக்கங்கள் மிகுதி! ஊக்கத்தைக் கண்டு துணை வந்தது என்பது இவ்வரலாற்றின் முற்பாதி. துணையைக் கண்டு ஊக்கம் மீண்டும் தளிர்த்தது என்பது பிற்பாதி. நாம் முற்பாதியை மட்டும் மேடைதோறும் புகழ்கிறோம், பிற்பாதியை மறந்துவிடுகிறோம்.

அவையோரே, இப்பிற்பாதியை நான் ஏட்டில் மட்டும் படித்தவள் அல்லள். முனைவர் பட்டத்திற்குப் பதிவு செய்த மூன்றாம் ஆண்டில் என் ஆய்வு நின்றுபோயிற்று. கல்லூரிப் பணி, இரு சிறு குழந்தைகள், படுக்கையில் கிடந்த மாமியார் என்று காரணங்கள் பல. குறிப்புகளை ஒரு தகரப் பெட்டியில் இட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். எவரும் என்னைத் தடுக்கவில்லை. எவரும் கேட்கவும் இல்லை. கேட்பார் இல்லாமையே பெருந்தடை என்பதை அப்போது நான் அறியவில்லை.

அந்நாளில் இவ்வட்டத்தின் மாதக் கூட்டத்திற்கு ஒருமுறை வந்தேன். அஞ்சல் துறையில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், “அம்மா, உங்கள் ஆய்வு எந்த இயலில் நிற்கிறது?” என்று வினவினார். மறுமொழி சொல்ல நாணி, “இரண்டாம் இயலில், ஐயா” என்றேன். அடுத்த மாதமும் அதே வினா. மூன்றாம் மாதம், “அவ்வியலை இங்கே வந்து படியுங்கள், நாங்கள் கேட்கிறோம்” என்றார். அதற்காகவே அன்றிரவு பெட்டியைத் திறந்தேன். ஐந்து இயல்களுக்கும் ஐந்து கூட்டங்களை இவ்வட்டம் ஒதுக்கியது. ஒருவர் தம் வீட்டு நூல்களை மிதிவண்டியில் கட்டிக்கொண்டு வந்து தந்தார். மற்றொருவர் மெய்ப்புத் திருத்தினார். என் ஊக்கம் வற்றிப்போயிருந்தது. உங்கள் துணையே முன்னே வந்தது. பட்டம் என் பெயருக்கு முன்னால் இருக்கிறது. அதன் பின்னால் நீங்கள் இருக்கிறீர்கள்.

அப்பெரியவர் இன்று நம்மிடையே இல்லை. அவருக்கு நான் செலுத்தக்கூடிய நன்றி ஒன்றே ஒன்றுதான். அவர் கேட்ட வினாவை நானும் பிறரிடம் கேட்பது. இவ்வூரில் இன்னும் எத்தனை பெட்டிகள் கட்டிலுக்கடியில் கிடக்கின்றனவோ! பாதியில் நின்ற ஆய்வுகள், அச்சேறாத கவிதைகள், எழுதத் தொடங்கிய ஊர் வரலாறுகள் அவற்றுள் இருக்கலாம். பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டம், திங்களுக்கு ஒரு கூட்டத்தையேனும் அத்தகையோருக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். தேவர்போல் பொருள் வழங்க நம்மால் இயலாமற் போகலாம். செவி வழங்க நம் அனைவராலும் இயலும்.