மண்மணிக்குப் பொன்பூச்சு எதற்கு?



சிவகங்கை மாவட்டம் கீழடியில், வைகைக் கரை அகழாய்வில் கண்ணாடி மணி, சூதுபவள மணி, தங்க அணிகலன்கள் ஆகியவற்றோடு சுடுமண் மணிகளும் கிடைத்திருக்கின்றன. பொன் புழங்கிய ஊரிலும் மண்மணிக்கு ஓர் இடம் இருந்திருக்கிறது. இன்று அதே கலையைச் சுடுமண் நகை என்ற பெயரில் பெண்கள் பலர் வீட்டிலிருந்தே செய்கிறார்கள். ஒரு மண்மணி நல்ல மணியா என்று எதை வைத்துச் சொல்வது?

முதலில் மண். களிமண்ணைக் காயவைத்து, இடித்துச் சலித்து, கல்லும் வேரும் நீக்கிப் பிசைய வேண்டும். உருட்டிய கையோடு துளையிட்டால் மணி நசுங்கிவிடும். சற்று இறுகவிட்டு, ஒரு பக்கம் பாதி, மறு பக்கம் மீதி என்று ஊசியால் துளைத்தால் விளிம்பு பிய்யாது. காயும்போதும் வேகும்போதும் மண் சுருங்கும். துளையும் கூடவே சிறுக்கும். அதை முன்கூட்டியே கணக்கிட்டுத் துளையிடுவதில் கைப்பழக்கம் தெரிந்துவிடும்.

அலங்காரத்துக்கு உரிய நேரமும் மணி சற்று இறுகிய இந்தப் பதத்தில்தான். ஈர்க்குச்சி முனையால் புள்ளி, சீப்புப் பல்லால் வரி, நெல்லை அழுத்தி எடுத்த தடம், மண்ணைத் திரியாகத் திரித்து ஒட்டிய பூ என எத்தனையோ செய்யலாம். ஓரளவு உலர்ந்ததும் செங்காவிக் குழம்பு பூசிக் கூழாங்கல்லால் தேய்த்தால் மெருகேறும்.

பிறகு நிழலில் பொறுமையாக உலர்த்த வேண்டும். உள்ளே ஈரம் தங்கினால் அது சூளையில் ஆவியாகி மணியை வெடிக்கவைக்கும். வெப்பம் சுமார் 600 டிகிரி செல்சியசைத் தாண்டிய பிறகே மண் நீரில் கரையாத பொருளாகிறது. காற்று நன்றாகப் புகுந்தால் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கிறது. காற்றை அடைத்துப் புகையவிட்டால் மணி கறுக்கிறது. ஒரே மண்ணில் இரண்டு நிறம்!

இத்தனை அழகையும் பொன்னிற அக்ரிலிக் வண்ணத்தால் மூடிவிடுவதுதான் எனக்கு வருத்தம். புடவைக்கு ஏற்ற நிறம் வேண்டும் என்ற ஆசை நியாயமானதே. ஆனால் தடித்த பூச்சு சீப்புப் பல் கீறிய நுண்வரிகளை அடைத்துவிடுகிறது; உராய்விலும் வியர்வையிலும் நாளடைவில் உரிந்தும் போகிறது. சூளை தந்த நிறமோ மணியின் உடம்போடு சேர்ந்தது. தங்கத்தைப் போல நடிக்கும் மணியைவிட மண்ணாகவே நிற்கும் மணிதான் உயர்ந்த வேலை என்பது என் முடிவு.

அடுத்த முறை மண்நகை வாங்கும்போது துளையின் விளிம்பைப் பாருங்கள். இரு மணிகளை மெல்லத் தட்டிப் பாருங்கள். நன்றாக வெந்தது கணீரென்று ஒலிக்கும். பூச்சில்லாத மாலை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கேட்பவர்கள் இருந்தால் செய்பவர்கள் நிச்சயம் செய்வார்கள்.