வெற்றறைகளின் வலிமை: தலைக்காலிகளின் ஓட்டமைப்பும் பயனும்



கடல்படு பொருள்களைத் தமிழர் தொன்றுதொட்டு அறிந்தவர். கொற்கையில் முத்துக் குளித்தனர், சங்கு அறுத்து வளையல் செய்தனர், வலம்புரியைப் போற்றினர். முத்தும் சங்கும் தமிழ் இலக்கியத்தில் பெற்ற இடம் பெரிது. ஆயினும் ஓடுடைய கடலுயிர்களுள் அமைப்பு நுட்பத்தால் தலைசிறந்த ஒன்று, பள்ளிப் பாடநூலின் ஓரிரு வரிகளுக்கு அப்பால் தமிழில் மிகுதியாகப் பேசப்படுவதில்லை. அது தலைக்காலிகள் என்னும் இனத்தின் அறை ஓடு.

கணவாய், பேய்க்கணவாய், நாட்டிலஸ் ஆகியன தலைக்காலிகள். மெல்லுடலிகள் என்னும் பெரும் பிரிவைச் சேர்ந்தவை. ஆகவே சங்குக்கும் நத்தைக்கும் உறவின. தலையைச் சூழ்ந்து கைகள் அமைந்திருப்பதால் இப்பெயர் பெற்றன. இவற்றுள் புறத்தே சுருள் ஓடு தாங்கி இன்றும் வாழ்வன நாட்டிலஸ் குடும்பத்தைச் சேர்ந்த சில இனங்களே. 'நாட்டிலஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்குக் கடலோடி என்பது பொருள்.

சங்கும் நாட்டிலசும்

சங்கின் உட்புறம் ஒரே நீண்ட சுருள்வழி. உயிர் வளர வளர ஓடும் நீண்டு அகலும். நாட்டிலஸ் ஓட்டை நெடுக்காக அறுத்துப் பார்த்தால் காட்சி வேறு. சுருளின் நடுவிலிருந்து வாய் நோக்கிச் சிறிதிலிருந்து பெரிதாக அறைகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. வளர்ந்த ஓட்டில் இவை முப்பதுக்கு மேல் இருக்கும். முட்டையிலிருந்து வெளிவரும்போதே ஏறத்தாழ ஏழு அறைகள் உண்டு. உயிர் குடியிருப்பதோ கடைசியில் உள்ள பெரிய திறந்த அறையில் மட்டுமே. பின்னுள்ளவை யாவும் அது வாழ்ந்து நீங்கிய இடங்கள். வீட்டை விட்டு வெளியேறாமலே வீடு மாறும் உயிர் இது எனலாம்.

ஓடு சுண்ணாம்புப் பொருளால் ஆனது. அரகோனைட் என்னும் படிக வடிவினது. புறத்தே வெண்மையும் செம்பழுப்புப் பட்டைகளும், அகத்தே முத்தொளி வீசும் படலமும் காணப்படும். அறைகளைப் பிரிக்கும் தடுப்புச்சுவர் தட்டையானதன்று. வாய்ப்புறம் நோக்கிக் குழிந்து, கிண்ணம் போல் வளைந்தது. ஒவ்வொரு சுவரின் நடுவிலும் ஒரு துளை உண்டு. அத்துளைகள் வழியே உயிரின் உடலிலிருந்து புறப்படும் மெல்லிய தசைக்குழல் ஒன்று முதல் அறை வரை செல்கிறது. இதனை ஊடுகுழல் என்று வழங்கலாம். இரத்த நாளங்கள் உடைய உயிர்த்திசு அது. அதனைச் சுற்றி நீர் கசியவல்ல நுண்துளைப் போர்வை ஒன்றும் உண்டு. ஓட்டின் பயன் முழுவதும் இக்குழலைச் சார்ந்தே நிற்கிறது.

இவ்வோட்டின் சுருளைப் 'பொன் விகிதம்' என்னும் கணக்குக்குச் சான்றாகக் காட்டுவது பரவலான வழக்கம். அளந்து பார்த்தால் இக்கூற்று நிற்பதில்லை. ஒரு முழுச் சுற்றுக்கு நாட்டிலஸ் ஓடு ஏறத்தாழ மூன்று மடங்கு விரிகிறது. பொன் விகிதச் சுருளோ ஏழு மடங்குக்குச் சற்றுக் குறைவாக விரியும். வடிவம் மாறாமல் அளவு மட்டும் பெருகும் மடக்கைச் சுருள் என்பதே இதன் உண்மைச் சிறப்பு. குஞ்சின் ஓடும் முதிர்ந்ததன் ஓடும் ஒரே வடிவின.

அறை பிறக்கும் முறை

உடல் வளர்ந்து இடம் போதாதபோது நாட்டிலஸ் ஓட்டினுள் சற்று முன்னோக்கி நகர்கிறது. பின்னே ஏற்படும் இடைவெளியை உடலிலிருந்து சுரக்கும் உப்புநீர் நிரப்புகிறது. அந்நீரைத் தாங்கலாகக் கொண்டு உடலின் பின்புறம் புதிய தடுப்புச்சுவரைச் சுரந்து கட்டுகிறது. நீர் இருக்கும் வரை இருபுறமும் அழுத்தம் ஒத்திருப்பதால், ஈரச்சுவர் நெரியாமல் வலுப்பெறுகிறது. சுவர் ஓரளவு தடித்த பின்னரே நீர் வெளியேற்றப்படுகிறது. கட்டடத் தொழிலில் கான்கிரீட் இறுகும் வரை முட்டுக்கொடுத்து, பின்னர் முட்டைப் பிரிப்பதோடு இதனை ஒப்பிடலாம். ஓர் அறை முற்றுப்பெறச் சில மாதங்கள் ஆகும். வயது ஏற ஏற இக்காலம் நீளும்.

முதிர்ச்சி எய்தியதும் கட்டுமானம் நின்றுவிடுகிறது. கடைசிச் சுவர் மற்றவற்றினும் தடித்து, முந்தையதற்கு நெருங்கி அமையும். வாயின் விளிம்பில் கரிய கோடு ஒன்று தோன்றும். இவற்றைக் கொண்டே ஓர் ஓடு முதிர்ந்ததா இளையதா என ஆய்வாளர் அறிகின்றனர்.

காற்றா, நீரா?

அறைகள் எதற்கு என்னும் வினா நெடுநாளையது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இராபர்ட் ஹூக், நாட்டிலஸ் தன் அறைகளில் காற்றையும் நீரையும் மாற்றி மிதக்கவும் அமிழவும் செய்கிறது எனக் கருதினார். ரிச்சர்டு ஓவன் 1832இல் இதன் உடலமைப்பை விரித்து எழுதினார். ஆயினும் அறைகள் இயங்கும் முறை விளங்கவில்லை. நீர்மூழ்கிக் கப்பல் தோன்றிய பின் ஓர் உவமை நிலைத்தது: கப்பல் அழுத்திய காற்றைச் செலுத்தித் தொட்டிநீரை வெளியேற்றுவது போல நாட்டிலசும் செய்கிறது என்பது அது. நீர்மூழ்கிகளுக்கு நாட்டிலஸ் என்றே பெயரிட்டதும் அவ்வுவமைக்கு வலுச் சேர்த்தது.

உவமை அழகியது, ஆனால் பொருந்தாதது. 1960களில் இங்கிலாந்தின் பிளிமத் ஆய்வகத்தைச் சேர்ந்த எரிக் டெண்டன், ஜான் கில்பின்-பிரவுன் ஆகியோர் முதலில் கணவாயையும் பின்னர் நாட்டிலசையும் ஆராய்ந்தனர். 1962இல் அன்னா பிடர் என்னும் பெண் அறிவியலாளர், உயிருள்ள நாட்டிலசின் புதிய அறைகளில் நீர் இருப்பதைப் பதிவு செய்தார். அறைகளில் இருந்த வளிமத்தின் அழுத்தம் கடல்மட்ட வளிமண்டல அழுத்தத்தை விடக் குறைவாகவே இருந்தது. காற்றே நீரைத் தள்ளியிருப்பின், அது ஆழ்கடலின் அழுத்தத்தை விஞ்சியிருத்தல் வேண்டும். ஆகவே தள்ளியது காற்றன்று.

உண்மையில் நிகழ்வது இது: ஊடுகுழலின் உயிரணுக்கள் அறைநீரில் உள்ள உப்பை உறிஞ்சி எடுக்கின்றன. உப்புக் குறைந்த நீர், உப்பு மிகுந்த இரத்தத்தை நோக்கிச் சவ்வூடு பரவல் முறையில் தானே செல்கிறது. நீர் நீங்கிய இடம் ஏறத்தாழ வெற்றிடம். இரத்தத்தில் கரைந்துள்ள வளிமங்கள், பெரும்பாலும் நைட்ரசன், பின்னர் மெல்ல மெல்ல அங்கே வந்து சேர்கின்றன. காற்று வேலை செய்வதில்லை. வேலை முடிந்த பின் வருகிறது. ஊதி நிரப்பப்பட்ட பை என எண்ணப்பட்டது, வடித்து ஒழிக்கப்பட்ட அறையாக முடிந்தது.

இங்கு ஒரு தடை எழும். கடல்நீரின் சவ்வூடு அழுத்தம் ஏறத்தாழ 24 வளிமண்டலங்கள். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டலம் கூடுகிறது. ஆகவே 240 மீட்டருக்குக் கீழே இம்முறை செயலற்றுப்போதல் வேண்டும். நாட்டிலசோ அதனினும் ஆழத்தில் வாழவல்லது. 1980இல் வெளியான ஆய்வுகள் இதற்கு விடை தந்தன. ஊடுகுழலின் உயிரணுக்களுக்கு இடையே மிக நுண்ணிய கால்வாய்கள் உள்ளன. அவற்றில் உப்பு செறிவாகக் குவிக்கப்படுவதால், பொது இரத்தத்தினும் வலிய ஈர்ப்பு அவ்விடத்தே உண்டாகி, பேராழத்திலும் நீர் வடிகிறது.

வடியும் வேகம் மிகக் குறைவு. எனவே அன்றாடம் ஏறி இறங்குவதற்கு நாட்டிலஸ் அறைகளை நம்புவதில்லை. நீரைப் பீச்சி நீந்துகிறது. ஓடும் உடலும் வளர்ந்து கனக்கும் அளவுக்கு ஈடாகப் புதிய அறை ஒழிக்கப்படுகிறது. எடை கூடினும் மிதப்பு குன்றாமல் காப்பதே அறைகளின் தலையாய பணி. வெற்றறைகள் மேலும் கனத்த உடல் கீழுமாக அமைவதால் உயிர் கவிழாமல் நிலைத்து நிற்கவும் செய்கிறது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. உள்ளே அழுத்தம் குறைவு, வெளியே மிகுதி. 400 மீட்டரில் ஓடு தாங்கும் சுமை ஏறத்தாழ 40 வளிமண்டலங்கள். 800 மீட்டர் அளவில் ஓடு நொறுங்கிவிடும்.

தமிழ்க் கடலோரத்துச் சான்று

அறை ஓட்டைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தமிழகக் கடற்கரையில் வெள்ளையாக, நீள்வட்டமாக ஒதுங்கிக் கிடக்கும் கணவாய் ஓடும் அறை ஓடே. அதன் மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, இடையில் நுண்தூண்களால் தாங்கப்பட்டுள்ளன. அதன் கொள்ளளவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெற்றிடம். கணவாய் அந்த ஓட்டைத் தசைக்குள் மறைத்து வைத்துள்ளது. ஐரோப்பியக் கடல்களின் கணவாய், பகலில் மணலில் புதைந்திருக்கும்போது ஓட்டினுள் நீரைக் கூட்டிக் கனக்கிறது. இரவில் இரைதேடும்போது நீரைக் குறைத்து இலேசாகிறது.

தமிழ்ச் சித்த மருத்துவர் இவ்வோட்டைக் 'கடல்நுரை' என்பர். நுரை என்பது மெல்லிய சுவர்களுக்கிடையே காற்று அடைபட்ட பொருள். அமைப்பை நுண்ணோக்கியில் கண்டு இடப்பட்ட பெயரன்று. ஆயினும் அமைப்புக்கு முற்றும் பொருந்துகிறது. மீனவர் வழக்கும் கருதத்தக்கது. அவர்கள் ஓட்டுக்கணவாய், ஊசிக்கணவாய், பேய்க்கணவாய் என்று பிரிக்கின்றனர். முதலாவது அறை ஓடு உடையது. இரண்டாவது ஓடு தேய்ந்து கண்ணாடி போன்ற மெல்லிதழாக எஞ்சியது. மூன்றாவது பெரும்பாலும் ஓடே அற்றது. வலை இழுப்போர் வழங்கும் மூன்று பெயர்களும், ஓடு படிப்படியாகக் குறைந்த வரலாற்றின் மூன்று நிலைகளோடு ஒத்துச் செல்கின்றன. கலைச்சொல் ஆக்குவோர் இத்தகைய வழக்குகளை முதலில் தேடுதல் நன்று.

ஸ்பைருலா என்னும் சிறு ஆழ்கடல் உயிரும் உள்ளே சுருண்ட அறை ஓடு உடையது. ஓடு வால்புறம் இருப்பதால் அது தலைகீழாக மிதக்கும் என நூல்கள் கூறின. 2020இல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக்கு அருகே முதன்முறையாக அதன் இருப்பிடத்திலேயே படம்பிடிக்கப்பட்டபோது, அது தலையை மேல்நோக்கி வைத்திருந்தது.

அரியலூர்க் கற்கள்

அறை ஓடு ஏறத்தாழ 50 கோடி ஆண்டுப் பழமையது. அம்மோனைட்டுகள் என்னும் பெருங்குலம் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசார்களோடு அழிந்தது. எகிப்தியத் தெய்வமான அம்மோனின் ஆட்டுக்கொம்பை ஒத்த வடிவால் அப்பெயர் பெற்றது. கண்டகி ஆற்றின் சாளக்கிராமக் கற்களில் காணும் சுருளும் அம்மோனைட்டின் பதிவே. திருமங்கையாழ்வார் பாடிய திருச்சாளக்கிராமம் அவ்வாற்றங்கரைப் பதியாகவே போற்றப்படுகிறது.

தமிழ்நாட்டிலும் அம்மோனைட்டுகள் உண்டு. அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்கள் கிரெட்டேசியக் காலத்தில் கடலாக இருந்தவை. ஊட்டத்தூர், காரை முதலிய ஊர்களைச் சூழ்ந்த மண்ணில் இவ்வோடுகள் கல்லாகிக் கிடக்கின்றன. 1846இல் எட்வர்டு ஃபோர்ப்ஸ் இவற்றை விவரித்தார். ஃபெர்டினாண்டு ஸ்டோலிக்கா 1865 முதல் 1873 வரை பெருந்தொகுதிகளாக எழுதினார்.

அம்மோனைட்டின் தடுப்புச்சுவர் விளிம்பில் இலையின் ஓரம் போல நெளிந்து ஓட்டைச் சந்திக்கும். ஊடுகுழலும் நடுவில் செல்லாமல் புறவிளிம்பை ஒட்டிச் செல்லும். இந்நெளிவுகள் நீரழுத்தத்தைத் தாங்குவதற்கு என 1836இல் பக்லாண்டு கருதினார். மிகுதியான பரப்பில் நீரைப் பற்றி வைத்து மிதப்பைச் சீர்செய்யவும் உதவின என 2021இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டுகிறது. வினா இன்னும் முடிந்துவிடவில்லை.

மெல்லக் கட்டுவோன், விரைந்து அழிப்போன்

அம்மோனைட் அழிந்த பேரழிவில் நாட்டிலஸ் குலம் தப்பியது. பெரிய முட்டைகள், ஆழ்வாழ்வு, குறைந்த இரையில் உயிர்தாங்கும் உடல் ஆகியன அதற்குக் காரணம் என்பர். முட்டை பொரிய ஓராண்டு அளவு ஆகிறது. முதிர்ச்சி எய்தப் பத்தாண்டுக்கு மேல். இம்மெதுவான வாழ்வே அன்று அதனைக் காத்தது. இன்று அதற்கே தீங்காகிறது. அழகிய ஓட்டுக்காக இரைக்கூடுகள் இறக்கி இவை பிடிக்கப்படுகின்றன. பிலிப்பைன்சின் டான்யோன் நீரிணையில் 1970களில் பெருகிய இவ்வேட்டை, 1980களின் இறுதிக்குள் பிடிக்க ஏதுமின்றி முடிந்தது. 2016இல் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் நாட்டிலஸ் குடும்பம் முழுதும் சேர்க்கப்பட்டு, உரிய சான்றின்றி நாடுகளுக்கிடையே விற்பது தடுக்கப்பட்டது. இந்தியாவில் 2001 முதல் இது காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளது. 2023இல்தான் ஃபிஜி, சமோவா, வனுவாட்டுக் கடல்களில் மூன்று புதிய இனங்கள் இனங்கண்டு பெயரிடப்பட்டன. சிறு வட்டாரங்களில் வாழும் இனங்களைப் பெயரிட்டு முடிக்கும் முன்பே இழந்துவிடக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

கடைகளில் மெருகேற்றி விற்கப்படும் அறுத்த ஓடு ஒவ்வொன்றும், மாதக்கணக்கில் ஒவ்வோர் அறையாகக் கட்டி முடிக்கப்பட்ட வாழ்வு. அதனை வாங்காமல் இருத்தல் எவர்க்கும் இயல்வது. அரியலூர்க் கற்களையும் விலைப்பொருளாக்காமல் அவ்விடத்திலேயே பேணி, மாணவரை அழைத்துச் சென்று காட்டுதல் ஆசிரியர்க்கு இயல்வது. இவ்வுயிர்களைப் பற்றித் தெளிந்த தமிழில் எழுதுதல் இலக்கிய வட்டங்களுக்கு இயல்வது. இம்மூன்றும் நிகழுமாயின், முத்தையும் சங்கையும் அறிந்த மொழி இவ்வோட்டையும் அறிந்ததாகும்.