கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்



உடல் எடையைக் குறைக்க ஆபரேஷன் என்றதும் பலரும் முதலில் விசாரிப்பது செலவைத்தான். அதைவிட முக்கியமானது, ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டரிடம் நம்மால் மனம்விட்டுப் பேச முடிகிறதா என்பது.

இத்தகைய ஆபரேஷன்களில் ஒன்றான 'ஸ்லீவ்' சிகிச்சையில் இரைப்பையில் ஏறக்குறைய 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போல ஒரு குழாய். வெட்டியதைத் திரும்பச் சேர்க்க முடியாது. பிறகு ஆயுள் முழுக்க வைட்டமின் மாத்திரை, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. ஆக, டாக்டருக்கும் உங்களுக்குமான தொடர்பு வருஷக்கணக்கில் நீளும்.

அதனால் கேள்விகளை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். எனக்கு ஸ்லீவ் நல்லதா, இரைப்பை பைபாஸ் ஆபரேஷன் நல்லதா? இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? வெட்டி மூடிய இடத்தில் கசிவு வந்தால் என்ன செய்வீர்கள்? வீடு திரும்பியபின் நடுராத்திரியில் காய்ச்சல் அடித்தால் யாரைக் கூப்பிடுவது? கூடவே வீட்டிலிருந்து ஒருவரை அழைத்துப் போங்கள். பதற்றத்தில் நீங்கள் தவறவிடுவதை அவர் கேட்டுக்கொள்வார்.

நல்ல டாக்டர் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார். படம் வரைந்து காட்டுவார். ஆபத்துகளையும் மறைக்காமல் சொல்வார். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்று வாயை அடைத்தால், இன்னொரு டாக்டரின் யோசனையைக் கேட்பதில் தப்பே இல்லை.

நீங்களும் சிகரெட், குடி, சாப்பிடும் மாத்திரை எதையும் ஒளிக்காதீர்கள். மயக்க மருந்து கொடுப்பவருக்கு அது தெரிந்தே ஆக வேண்டும். எல்லாம் தெளிவான பிறகு ஆபரேஷனுக்கான சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள்.