ஆலையும் பள்ளிக்கூடமும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



படிச்சு முடிச்ச நாளிலிருந்து நான் நூற்பாலையில்தான் இன்ஜினியர். "உங்க தொழிலைப் பத்தியே பேசுங்க" என்றார் செயலாளர். அதனால் ஒரு பழைய ஆலைக் கிராமத்தின் கதையைச் சொல்கிறேன்.

ஸ்காட்லாந்தில் கிளைடு ஆற்றங்கரையில் நியூ லனார்க் என்று ஒரு சிற்றூர். கரண்ட் இல்லாத காலம். ஆற்றுத் தண்ணீர் வேகத்தில் சக்கரம் சுற்ற, 1786-ல் டேவிட் டேல் அங்கே நூற்பாலையை ஓட்டத் தொடங்கினார். காட்டுக்கு நடுவே வேலைக்கு ஆள் ஏது? நகரத்து அனாதை விடுதிகளிலிருந்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளை அழைத்து வந்தார். நல்ல மனிதர்தான், சோறு, துணி, படுக்கை, பள்ளி எல்லாம் கொடுத்தார். ஆனால் வேலை பார்த்த பிள்ளைகளுக்குக் காலை ஆறு மணியிலிருந்து மாலை ஏழு வரை ஆலை, அதற்கப்புறம்தான் பாடம். தூங்கி விழுகிற பிள்ளைக்கு எழுத்து ஏறுமா?

1800-ல் அவர் மருமகன் ராபர்ட் ஓவன் பொறுப்பேற்றார். பத்து வயதுக்குக் கீழே யாரையும் வேலைக்கு எடுப்பதை நிறுத்தினார். கூட்டாளிகள் செலவைப் பார்த்து முணுமுணுத்தார்கள். 1813-ல் வேறு கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு ஆலையையே ஏலத்தில் எடுத்தார். 1816 புத்தாண்டு நாளில் புதுப் பள்ளியைத் திறந்தார். நடக்கப் பழகிய குழந்தைக்கும் அங்கே இடம். அடி கிடையாது. பெரிய பெரிய படங்கள், பாட்டு, நடனம். ஆலை நொடிந்துவிட்டதா? இல்லை, லாபம்தான் வந்தது. பிற்பாடு நடனமும் பாட்டும் எதற்கு என்று புதுக் கூட்டாளிகளும் தகராறு செய்தார்கள், ஓவன் விலகினார். ஆலை 1968-ல் நின்றுபோனது. 2001-ல் யுனெஸ்கோ அவ்வூரை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

இதை ஏன் சொல்கிறேன்? போன வருஷம் ஒருநாள் ஷிப்ட் முடிந்து வரும்போது, எங்கள் ஆலை லைன் வீட்டு வாசலில் ஒரு சிறுமி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒன்பது வயசு இருக்கும். "ஸ்கூலுக்குப் போகலையாம்மா?" என்றேன். தமிழ் புரியாமல் சிரித்தாள். அப்பா அம்மா வடக்கேயிருந்து வந்தவர்கள். ஒரு ஃப்ரேமுக்கு எத்தனை கதிர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். லைன் வீடுகளில் எத்தனை பிள்ளைகள் என்று எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. எண்ணினேன்; இருபத்து மூன்று பேர்.

ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வி உரிமை என்று 2009-லேயே சட்டம் வந்துவிட்டது. பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியை மனமுவந்து பதினொரு பேரைச் சேர்த்துக்கொண்டார். ஆனால் பாடம் புரிய அவர்களுக்குத் தமிழ் வேண்டுமே! ஞாயிறுதோறும் நானும் என் மனைவியும் சொல்லிக்கொடுக்கிறோம். எங்களுக்கு இந்தி அரைகுறை.

தம்பி தங்கைகளே, இந்தி தெரிந்தவர்கள் இரண்டு பேர் வந்தால் போதும். பஸ் செலவு என்னுடையது. சாப்பாட்டு இடைவேளையில் என்னைப் பாருங்கள். மீதிப் பன்னிரண்டு பேரையும் வருகிற ஜூனுக்குள் சேர்த்துவிடலாம்.