காது குத்தியாச்சு! பிறகு?



காது, மூக்கு குத்துவது நம் நாட்டில் பல இடங்களில் உள்ள வழக்கம். ராஜஸ்தானில் ஆண்களும் காதில் முர்கி என்னும் வளையம் அணிகிறார்கள். மகாராஷ்டிரத்துப் பெண்கள் மூக்கில் நத்து அணிகிறார்கள். எந்த நகை போட்டாலும் குத்திய இடம் ஒரு புண். அது ஆறும்வரை கவனிக்க வேண்டும்.

ஓர் ஊரில் ஒரு தாய். தன் ஐந்து வயது மகளுக்குக் காது குத்தினாள். விருந்து முடிந்தது. உறவினர்கள் போய்விட்டார்கள். நான்காம் நாள் காது வீங்கிச் சீழ் பிடித்தது. குழந்தை இரவெல்லாம் அழுதது.

"ஊர்க்கண் பட்டுவிட்டது" என்றார் மாமியார். "சாணியைத் தடவு" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "தோட்டைக் கழற்றி எறி" என்றாள் இன்னொருத்தி.

தாய் யோசித்தாள். மகளைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாள்.

தோட்டின் திருகாணி மிகவும் இறுக்கமாக இருந்தது. செவிலியர் அதைத் தளர்த்தினார். மருத்துவர் மருந்து கொடுத்தார்.

"நல்ல வேளை, தோட்டை நீங்களாகக் கழற்றவில்லை அம்மா. துளை மூடிக்கொண்டால் சீழ் உள்ளேயே தங்கிவிடும்" என்றார் மருத்துவர்.

"சாணி தடவலாமா?" என்று தாய் கேட்டாள்.

"கூடவே கூடாது. சாணியிலும் மண்ணிலும் ரணஜன்னிக் கிருமி இருக்கும். புண் வழியாக உடலில் புகுந்தால் உயிரையே பறிக்கும். குழந்தைக்கு 5 வயதுத் தடுப்பூசி போட்டாயிற்றா?"

போடவில்லை. அன்றே போட்டார்கள். சில நாட்களில் வீக்கம் வடிந்தது. குழந்தை சிரித்து விளையாடியது.

எது சாதாரணம்? முதல் சில நாட்கள் லேசான வலி, சிவப்பு, சிறு வீக்கம் இருக்கும். தெளிந்த நீர் கசிந்து பொருக்காகக் காயும். இதற்குப் பயப்பட வேண்டாம்.

எது ஆபத்து? வீக்கமும் வலியும் நாளுக்கு நாள் கூடும். மஞ்சளாகவோ பச்சையாகவோ சீழ் வரும். சிவப்பு பரவும். காய்ச்சல் வரும். இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். காதின் மேல்பகுதி குருத்தெலும்பு. அங்கே சீழ் பிடித்தால் காதின் வடிவமே கெட்டுவிடலாம். ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

அரிப்பும் தடிப்பும் மட்டும் இருந்தால் நகை ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். கவரிங் நகைகளில் நிக்கல் என்ற உலோகம் கலந்திருப்பது உண்டு. அது சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

புண்ணைப் பராமரிப்பது எளிது. முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஒரு டம்ளர் நீரைக் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள். அதில் கால் தேக்கரண்டி உப்பு கலக்குங்கள். சுத்தமான துணியை நனைத்து, தினம் இரண்டு முறை மெல்லத் துடையுங்கள். நகையைத் திருகாதீர்கள். பொருக்கைப் பிய்க்காதீர்கள்.

காது மடல் ஆற 6 முதல் 8 வாரம் ஆகும். மூக்கும் காதின் மேல்பகுதியும் ஆறப் பல மாதம் ஆகும்.

குத்தும்போதும் கவனம் தேவை. ஒருவருக்குக் குத்திய ஊசியை அடுத்தவருக்குக் குத்தக் கூடாது. அதன் வழியே மஞ்சள் காமாலைக் கிருமியும் எய்ட்ஸ் கிருமியும் பரவலாம். புது ஊசி கேட்பது நம் உரிமை.

காது குத்த நல்ல நாள் பார்க்கிறோம். குத்திய பிறகு நாள்தோறும் காதையும் பார்ப்போம்!