தோலும் முழங்காலும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் வாழ்பவர்களுக்கு முட்டிவலி என்றால் என்ன என்று நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தொட்டியருகே குந்தியிருந்து, நனைந்த தோலைத் தூக்கி, நாள் முழுதும் நின்று பாடுபட்ட மக்கள் நிறைந்த பகுதி இது. இங்கே மருத்துவத் தொழில் புரிந்த நான், முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே செல்ல விரும்புகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, தோல் ஷாப்பில் முப்பது ஆண்டுகள் உழைத்த ஓர் அம்மையார் என்னிடம் வந்தார். "உட்கார்ந்தால் எழ முடியவில்லை, டாக்டரய்யா" என்றார். எக்ஸ்ரே படத்தைப் பார்த்தேன். "முட்டி தேய்ந்துவிட்டது அம்மா; நடையைக் குறையுங்கள், ஓய்வாக இருங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். அவர் என் சொல்லை வேதவாக்காகக் கொண்டார். ஓராண்டு கழித்து அவர் வீட்டுக்குச் சென்றபோது தொடைத் தசை வற்றி, உடல் பருத்து, கொல்லைப்புறம் செல்லவும் மருமகளின் தோளைப் பற்ற வேண்டிய நிலையில் இருந்தார். நோய் பாதி, என் அறிவுரை பாதி.

'தேய்மானம்' என்ற சொல்லே எங்களை ஏமாற்றிவிட்டது எனலாம். செருப்பு தேயும், வண்டிச் சக்கரம் தேயும், தேய்ந்த பொருளை மேலும் பயன்படுத்தலாகாது என்று மனம் தானே முடிவு செய்துகொள்கிறது. ஆனால் முழங்கால் உயிருள்ள பொருளன்றோ?

எலும்புகளின் முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பில் இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. மூட்டுக்குள் இருக்கும் நீர்மமே அதற்கு உணவூட்டுகிறது. காலை ஊன்றும்போது அழுத்தப்பட்டும், எடுக்கும்போது தளர்ந்தும் அந்த நீர்மத்தை அது உள்வாங்குகிறது. அசைவே அதற்குச் சோறு. அதற்கு உறுதி தருவது கொலாஜன் என்னும் புரதம். நம் தொழிற்சாலைகளில் ஆவாரம்பட்டைச் சாறும் குரோமியமும் பற்றிக்கொண்டு தோலைப் பதப்படுத்துகின்றனவே, அந்தத் தோலின் புரதமும் கொலாஜனே. வகை மட்டும் சற்று வேறு. மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது இப்புரதம் என்பதை 1954ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபடியே கண்டுரைத்தவர்கள் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர். தோல் தொழிலால் வாழும் நம் பகுதியினர் இப்பெயர்களை அறிந்திருப்பது நன்று. வளர்ந்த மனிதரின் குருத்தெலும்பில் இக்கயிறு அறுந்துபோனால் மீண்டும் திரிக்கப்படுவது மிக அரிது. இதுவே இந்நோயின் கடுமை.

அறுவதற்குக் காரணம் என்ன? முதுமை, பரம்பரை, உடற்பருமன், பழைய அடி எனப் பல உண்டு. தொழிலும் ஒன்று. மான்செஸ்டரைச் சேர்ந்த கெல்கிரன், லாரன்ஸ் என்னும் இருவர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் முழங்கால்களை எக்ஸ்ரே எடுத்து ஆராய்ந்து 1952இல் வெளியிட்டனர். அலுவலகத்தில் அமர்ந்து பணிபுரிவோரைவிட அவர்களிடம் இந்நோய் மிகுந்திருந்தது. அவ்விருவரும் 1957இல் வகுத்த படிநிலைகளைக் கொண்டே இன்றும் மருத்துவர்கள் எக்ஸ்ரே படங்களை மதிப்பிடுகிறார்கள். சீனத் தலைநகரில் பின்னாளில் நடந்த ஆய்வு, இளமையில் நெடுநேரம் குந்தியிருந்தவர்களுக்கு முதுமையில் இந்நோய் கூடுதலாக வருவதைக் காட்டியது.

ஆம்பூரார் கேட்க வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. உயர்ந்த குதிகால் வைத்த காலணி முழங்காலின் உட்புறத்தில் ஏறும் விசையைச் சுமார் 23 விழுக்காடு கூட்டுகிறது என்று 1998இல் ஓர் ஆய்வு கூறியது. 2006இல் சிகாகோவில் இந்நோயுள்ள 75 பேரை ஆராய்ந்தபோது, காலணியோடு நடப்பதைவிட வெறுங்காலோடு நடக்கையில் அச்சுமை குறைந்திருந்தது. காலணி செய்து பிழைக்கும் ஊருக்கு இது சற்றுச் சங்கடமான செய்திதான்! முட்செடியும் கண்ணாடித் துண்டும் கிடக்கும் தெருவில் வெறுங்காலோடு நடக்கும்படி நான் சொல்லமாட்டேன். தட்டையான, வளையக்கூடிய காலணி போதும்.

இனிச் சிகிச்சைக்கு வருவோம். மூட்டுக்குள் குழாயை நுழைத்துக் கழுவிச் சுரண்டும் அறுவை ஒரு காலத்தில் மிகப் பரவியிருந்தது. ஹூஸ்டன் நகரில் 180 நோயாளிகளைப் பிரித்து, ஒரு சாராருக்கு மெய்யான அறுவையும், மற்றொரு சாராருக்குத் தோலில் கீறல் மட்டும் இட்ட பொய்யறுவையும் செய்தனர். ஈராண்டு கவனித்ததில் இருசாராருக்கும் வேறுபாடில்லை என 2002இல் அறிவித்தனர். மெய்யாகப் பயன் தருவன எளியவை. 1997இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 60 வயதைத் தாண்டிய 439 பேர் பங்கு கொண்டனர். பதினெட்டு மாதம் நடைப்பயிற்சியோ எடை தூக்கும் பயிற்சியோ செய்தவர்களுக்கு வலியும் இயலாமையும் குறைந்தன. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை நான்கு கிலோ குறைகிறது என்பது 2005இல் வெளிவந்த கணக்கு. இவற்றுக்கெல்லாம் அடங்காத இறுதி நிலையில் மூட்டு மாற்று அறுவை இருக்கிறது. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை, அதற்கு அவசரப்படவும் வேண்டியதில்லை.

அந்த அம்மையாரிடம் திரும்பச் சென்று, நான் முன்பு சொன்னது தவறு என்றேன். "அப்போ இத்தனை நாள் வீணா படுத்துக் கிடந்தேனா?" என்று கேட்டார். மறுமொழி சொல்ல எனக்கு நா எழவில்லை. நாற்காலியில் அமர்ந்து காலை நேராக நீட்டிப் பத்து எண்ணும்வரை நிறுத்தும் பயிற்சியைக் கற்பித்தேன். வலி மிகுந்த காலுக்கு எதிர்ப்புறக் கையில் தடியைப் பிடிக்கச் சொன்னேன்; அவர் அதே பக்கக் கையில்தான் பிடித்தார், மாற்றப் பல நாள் ஆயிற்று. மூன்றாம் மாதம் தெருக்கோடி வரை போய்வந்தார். ஆறாம் மாதம், கீரை வாங்கத் தாமே கடைத்தெருவுக்குப் போயிருப்பதாக மருமகள் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.