திரை வீடும் வாடகை வீடும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் வீட்டு வாடகை. இது பெரியவர்கள் கவலைப்பட வேண்டிய பொருள் அன்றோ என்று நீங்கள் எண்ணலாம். ஆயின், இன்னும் சில ஆண்டுகளில் உங்களுட் பலர் வேலை நாடிச் சென்னைக்கோ கோவைக்கோ பெங்களூருக்கோ செல்வீர்கள். அங்கே உங்கள் சம்பளத்தில் முதற் பங்கு கேட்டு நிற்பது வாடகையே. அதைப் பற்றி உங்களுக்குப் பாடம் சொன்னவர் யார்? பள்ளி சொல்லவில்லை, திரைதான் சொல்லியிருக்கிறது. அந்த ஆசிரியருக்குக் கணக்கு எவ்வளவு தெரியும் என்று பார்ப்போம்.

1994 முதல் 2004 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ என்னும் நகைச்சுவைத் தொடரை உங்களுட் பலர் அறிவீர்கள். நியூயார்க் நகரின் நடுவே பெரிய கூடத்தோடு ஒரு வீடு. அதில் சமையல் வேலை செய்யும் ஒரு பெண்ணும், காப்பிக்கடையில் பரிமாறும் அவள் தோழியும் குடியிருக்கிறார்கள். அந்தச் சம்பளத்தில் அந்த வீடு எங்ஙனம் கிடைத்தது? கதையே ஒரு விடை தருகிறது. வீடு பாட்டியின் பெயரில் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருந்தது; பேத்தி ஓசைப்படாமல் அதில் தொடர்ந்து குடியிருந்தாள்.

உண்மைக் காரணம் வேறு. அது படப்பிடிப்பு அரங்கில் எழுப்பிய வீடு. அதற்கு மூன்று பக்கமே சுவர். நான்காம் பக்கத்தில் கேமராக்களும் பார்வையாளரும். கேமரா நகர்வதற்கு இடம் வேண்டும் ஆதலின் கூடம் பெரிதாயிற்று. குடியிருப்பவரின் வருமானத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

நம் திரைப்படங்கள் எல்லாம் இப்படி என்று சொல்வது நேர்மையாகாது. 1968-இல் வெளிவந்த கே. பாலசந்தரின் ‘எதிர் நீச்சல்’ படத்தில், பல குடித்தனங்கள் உள்ள வீட்டின் மாடிப்படிக்கு அடியில் ஓர் ஏழை மாணவன் தங்குகிறான். குடித்தனக்காரர்களுக்கு ஏவல் செய்து பிழைக்கிறான். 1988-இல் வந்த பாலு மகேந்திராவின் ‘வீடு’, வாடகை வீட்டைக் காலி செய்ய நேர்ந்த ஒரு பெண், சொந்த வீடு கட்ட முனைந்து படும் பாட்டைக் காட்டிற்று. செழியனின் ‘டுலெட்’ படம், 2007-ஆம் ஆண்டுச் சென்னையில் கணினித் துறையின் வளர்ச்சியால் வாடகை ஏறியபோது, ஒரு சிறு குடும்பம் வீடு தேடி அலைந்ததைக் கூறிற்று. பணம் மட்டுமன்றிச் சாதியும் உணவும் தொழிலும் வாயிற்படியில் விசாரிக்கப்படுவதை அதிற் காணலாம். இவை மூன்றும் கணக்கறிந்த ஆசிரியர்கள்.

இனி நம் மதுரைக்கு வருவோம். மாசி வீதிகளின் சந்துகளிலும் செல்லூரிலும் காம்பவுண்டு வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வாயில், ஒரு குழாய், வரிசையாகச் சிறு குடித்தனங்கள். நான் ஆசிரியனாக இருந்த நாளில், அத்தகைய வீடுகளிலிருந்து வந்த மாணவர்கள் வெளியிலே தெருவிளக்கின் கீழ் அமர்ந்து படித்ததைக் கண்டிருக்கிறேன். உள்ளே விளக்கில்லாமல் அன்று. கால் நீட்ட இடமில்லாமல்!

மதுரைப் பக்கத்தில் ‘ஒத்தி’ என்றொரு வழக்கம் உண்டு. ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்து, மாத வாடகையின்றிக் குடியிருப்பது. காலி செய்யும்போது முழுத்தொகையையும் திரும்பப் பெறுவது. “வாடகையே இல்லை” என்று மகிழ்வார்கள். கணக்கிட்டுப் பாருங்கள். ஐந்து லட்சம் ரூபாயை ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டியில் கடன் வாங்கி ஒத்திக்குக் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். ஆண்டு வட்டி 60,000 ரூபாய், மாதத்துக்கு 5,000. அதுதான் அவ்வீட்டின் வாடகை. கைப்பணமே ஆனாலும், வங்கியில் அது ஈட்டியிருக்கும் வட்டியை இழக்கிறோம் அல்லவா?

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. அதே வீட்டின்மேல் வீட்டுக்காரர் முன்பே கடன் வாங்கியிருந்தால், ஒரு குடும்பத்தின் ஆயுட்காலச் சேமிப்பே சிக்கிக்கொள்ளும். ஆதலின் வில்லங்கச் சான்று பார்த்தபின்னரே பணம் கொடுத்தல் வேண்டும். நூறு ரூபாயும் அதற்கு மேலுமான அடமானத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் விதி. முத்திரைத்தாளில் கையெழுத்திட்டால் போதும் என்று இருந்துவிடுதல் பேதைமை.

வாடகைக்கும் சட்டம் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சென்னை மாகாணத்தில் தொடங்கிய வாடகைக் கட்டுப்பாடு, பின்னர் 1960-ஆம் ஆண்டுச் சட்டமாக நிலைத்தது. அதற்கு மாற்றாக 2017-இல் இயற்றிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இதன்படி எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும். வேறு உடன்பாடு இல்லாதபோது, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்டல் கூடாது. இதை அறிந்தவன் வீட்டுக்காரரோடு சண்டையிட வேண்டியதில்லை. பணிவாகவும் தெளிவாகவும் பேசலாம்.

மாணவர்களே, திரையைப் பார்த்துச் சிரியுங்கள், தவறில்லை. ஆயின், வாடகையில்லாத வீடு உலகில் எங்கும் இல்லை. பாட்டியோ, படம் எடுப்பவரோ, கடன் வாங்கிய தந்தையோ, யாரோ ஒருவர் அதைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். இன்றிரவு உங்கள் பெற்றோரிடம், “நம் வீட்டுக்கு மாதம் என்ன ஆகிறது?” என்று கேளுங்கள். வாடகை, மின்சாரம், தண்ணீர், வட்டி என ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். உங்களைப் படிக்க வைக்க அவர்கள் எதை எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பது அந்தக் கூட்டுத்தொகையில் விளங்கும்.